கேட்டால் அமுக்குங்கள்

கதவு சாத்திக்கொண்ட சத்தம்கூட முழுசாக வரவில்லை, பாதியிலேயே யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது போல நின்றுபோயிற்று. பரஞ்சோதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை. சுவரெல்லாம் பொத்தல் போட்ட தகடு, பொத்தலுக்குப் பின்னால் பஞ்சு. எதிரே சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் நஸ்ரின், காது பரிசோதிக்கிற பெண், பக்கவாட்டில் திரும்பி ஏதோ இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று சொல்லி அவள்தான் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். கையில் ஒரு பொத்தானையும் கொடுத்தாள், பேருந்தில் இறங்குவதற்கு அழுத்துகிற மணி மாதிரி, வயர் முளைத்த பொத்தான். "ரொம்ப லேசா இருந்தாலும் பரவாயில்லை சார், கேட்டா அமுக்குங்க. கேக்கலைன்னா அமுக்காதீங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதான். கேட்டால் அமுக்கு, கேட்காவிட்டால் சும்மா இரு. உலகத்தில் இதைவிடச் சுலபமான வேலை உண்டா. ஆனால் உள்ளங்கை ஏன் இப்படி வேர்க்கிறது. பொத்தான் வழுக்குகிறது. சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைக்கிற நேரத்தில் ஒரு சத்தம் வந்துபோயிருந்தால்? வந்திருக்குமோ. இல்லை, அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்துவிட்டாளோ. இதோ, பூம், தூரத்துக் கப்பல் மாதிரி ஒன்று, அமுக்கினார். இதோ இன்னொன்று, இன்னும் லேசாக, அமுக்கினார். நல்லது. இது சுலபம். இந்த மாதிரி அறைக்கு இங்கிலீஷில் டெட் ரூம் என்று பெயர், எதிரொலி செத்துப்போன அறை, இருபத்திரண்டு வயசில் அந்தச் சொல்லை முதல்முதலாகப் படித்தபோது பிணவறை என்றுதான் நினைத்துக்கொண்டார். பாட்டுக் கேட்க எதற்குப் பிணவறை என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். செத்த அறை வேண்டும் ஒலிப்பதிவுக்கு, உயிருள்ள அறை வேண்டும் கச்சேரிக்கு, உயிருள்ள வயரைத் தொட்டால் செத்துப்போவாய். என்ன பாஷை இது. பூம். அமுக்கினார்.

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் பாலுசாமியின் கடைக்கு வேலைக்கு வந்தபோது அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. கடையில் விற்றது விலை உயர்ந்த ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுச் சுழலி. வாங்க வந்தவர்கள் மில்காரர்கள், டாக்டர்கள், கண்ணாடி போட்ட பேராசிரியர்கள். அவர்களுக்குப் பொருள் வேண்டாம், பொருளைப் பற்றிய பேச்சு வேண்டும். பேச்சு முழுக்க இங்கிலீஷ். முதல் வாரத்திலேயே ஒரு டாக்டரிடம் "பாஸ் ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்றார், பாஸ் என்றால் மத்தளச் சத்தம், கீழ்ச்சுருதி. அந்த டாக்டர் கல்லாவில் இருந்த முதலாளி பாலுசாமியைத் திரும்பிப் பார்த்து, "உங்களைத்தாங்க புகழ்றார்" என்று சிரித்தார். அதை பேஸ் என்று சொல்ல வேண்டுமாம். கிளாஸ், மாஸ், பாஸ், கிராஸ் எல்லாம் ஒரே எழுத்தில் முடிந்து ஒரே மாதிரி ஒலிக்க, இது ஒன்று மட்டும் பேஸ். அதே எழுத்தில் ஒரு மீனும் இருக்கிறதாம், அந்த மீனைச் சொல்லும்போது பாஸ்தானாம். மீனுக்கு ஒரு நியாயம், மத்தளத்துக்கு ஒரு நியாயம். இன்னொரு தடவை சுழலியின் குறிப்புத்தாளில் 'வாவ் அண்ட் ஃபிளட்டர்' என்று போட்டு, அதற்கு எதிரே புள்ளி வைத்து மிகச் சின்ன எண் ஒன்று. வாவ் என்றால் ஆகா ஓகோ. ஆகா இவ்வளவு கம்மியாக இருக்கிறதே, கேட்பவர் என்ன நினைப்பார் என்று அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே ஒரு மாதம் முழுக்க வியாபாரம் செய்தார். வாவ் என்றால் தட்டு சுற்றுவதில் வருகிற தள்ளாட்டம், குறைவாக இருந்தால்தான் உசத்தி என்று யாரோ சொல்லித் தெரிந்தபோது காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. பூம். வந்ததா? வந்தது. அமுக்கினார். கொஞ்சம் தாமதம். தாமதமாக அமுக்கினால் கணக்கில் சேர்ப்பாளா. நினைப்பை விடு, கேள். நினைக்காமல் கேள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நினைப்பைக் கழற்றிவைக்க முடிகிறதா. வார்ம். அதுதான் அவரை ரொம்ப நாள் அலைக்கழித்த சொல். நல்ல ஸ்பீக்கர் வார்மாக ஒலிக்குமாம், வெதுவெதுப்பாக. கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவனிடம் வந்து சூட்டைப் புகழ்ச்சியாகச் சொன்னால் எப்படி ஏறும். நம் ஊரில் காது குளிரக் கேட்டேன் என்பார்கள், மனசு குளிர்ந்தது என்பார்கள். அவன் பனியில் கிடக்கிறவன், அவனுக்குச் சூடு சுகம். அப்படிப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் அந்தப் பாஷையின் ஒரு கதவு திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாச் சொல்லும் வந்து கையில் உட்கார்ந்தது. ஃப்ளாட் என்றால் டயருக்குக் கேடு, ஸ்பீக்கருக்குப் பெருமை, எல்லாச் சுருதியும் ஒரே மட்டம். சத்தத்தில் கலர் வந்தால் குற்றம், கண்ணாடி மாதிரி இருந்தால் மெச்சுவார்கள். காய்ந்த சத்தம், ஈரச் சத்தம், பளீரென்ற சத்தம், சேறான சத்தம். டெமோ அறையில் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாட்டு ஓட ஓட, மெதுவான குரலில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போடுவார். போட்ட சொல் கேட்பவரின் காதுக்குள் போய் அவருக்கே கேட்க ஆரம்பித்துவிடும். "ஜோதி சொன்னாத்தானுங்க எனக்குக் கேக்குது" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்.

சத்தம் நின்றுவிட்டதா. ஏன் இவ்வளவு நேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் குனிந்து ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறாள். முதலில் கீழ்ச்சுருதி வந்தது, அப்புறம் கொஞ்சம் மேலே, விசில் மாதிரி. அடுத்து இன்னும் மேலே போக வேண்டும். போயிருக்கிறாளா. போய்க்கொண்டிருக்கிறாளா. இப்போது இந்த நொடியில் காதுக்குள் ஒரு சத்தம் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறதா, நான்தான் உள்ளே இருந்துகொண்டு இல்லை என்கிறேனா. கேட்காத சத்தத்தைக் கேட்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது. போன புதன்கிழமையும் இப்படித்தான். இல்லை, அதை இப்போது நினைக்காதே. திருப்பூர் மில்காரர் சாமியப்பன் வந்திருந்தார், கூட அவர் மனைவி ருக்மணி. கடையிலேயே விலை கூடின ஜோடி ஸ்பீக்கர், ஆளுயரம். சாமியப்பன் சோபா நடுவில், அந்த அம்மா ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்கிற முகத்தோடு. நாட்டியப் பாட்டு ஒன்று ஓடியது. இவர் வழக்கம்போலப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மேல்சுருதியைக் கவனிங்க சார், பட்டு மாதிரி வருது பாருங்க, சலங்கையில ஒவ்வொரு மணியும் தனித்தனியா, ரெண்டு பக்கமும் ஒரே அளவு, நடுவுல ஆடற பொண்ணு நிக்கற மாதிரி. சாமியப்பன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல், "ஏனுங்க, அந்த இடது கைப்பக்கத்துப் பொட்டியில சலங்கையே வரலீங்களே" என்றார். பரஞ்சோதி சிரித்தார். ஆமாம், சிரித்தார். "அது ரிக்கார்டிங்ல அப்படிங்கம்மா" என்றார். பாலுசாமி எழுந்து வந்து இடது ஸ்பீக்கரின் பின்னால் குனிந்தார். மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், குருவிச் சத்தம் போடுவது, அதற்குப் போகிற வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பாலுசாமி அதைச் சொருகினார். சாமியப்பன் கண்ணைத் திறந்து, "அட, இப்பத்தானுங்க வருது" என்றார். பரஞ்சோதிக்கு ஒன்றும் மாறவில்லை. சொருகுவதற்கு முன்னால் எப்படியோ அப்படியேதான் சொருகிய பின்னும். வியாபாரம் முறிந்துவிடவில்லை, அவர்கள் வாங்கித்தான் போனார்கள். ஆனால் பாலுசாமி ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது, "ஜோதி, காதைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் என்ன பேசுவதற்கு இருக்கிறது. கண் தெரியாத டிரைவரிடம் என்ன பேசுவார்கள்.

அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார். நஸ்ரினின் கை தெரியவில்லை, இயந்திரம் மறைத்தது, ஆனால் முழங்கை தெரிந்தது. ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் அந்த முழங்கை ஒரு இம்மி முன்னால் போய்ப் பின்னால் வந்தது. சத்தம் வந்தபோது முழங்கை அசைந்தது என்றால், முழங்கை அசைந்தபோது சத்தம் வந்தது என்றுதானே அர்த்தம். மனசு இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விரல் அமுக்கிவிட்டது. முழங்கை அசைந்தது, அமுக்கினார். கொஞ்சம் இடைவெளி, முழங்கை, அமுக்கினார். இது திருட்டா? திருட்டு என்ன திருட்டு, யாருடைய பொருளை எடுத்தோம். உற்றுப் பார்த்தால் கேட்கிற மாதிரியும் இருந்தது, மெல்லிசாக, ஊசியால் கண்ணாடியில் கோடு கிழிக்கிற மாதிரி ஒரு கீற்று. ஆமாம், கேட்கத்தான் செய்கிறது, கவனம் சிதறியதால்தான் இத்தனை நேரம் விட்டுப்போயிற்று, முழங்கை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். அமுக்கினார். ஐம்பத்தொரு வயசில் யாருக்குத்தான் காது பழைய மாதிரி இருக்கும். அமுக்கினார். வெளியே கூடத்தில் செண்பகவல்லி உட்கார்ந்திருக்கிறாள், வர வேண்டாம் என்று சொல்லியும் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளிடம் ஒன்றுமில்லை எல்லாம் நார்மல் என்று சொல்லிக்கொண்டே வெளியே போக வேண்டும். அமுக்கினார். பாலுசாமியிடம் அன்றைக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிடலாம். அமுக்கினார். முழங்கை நின்றது. நஸ்ரின் நாற்காலியோடு திரும்பிக் கண்ணாடி வழியாக நேராக அவரைப் பார்த்தாள். ஹெட்ஃபோனுக்குள் அவள் குரல் வந்தது, ரொம்பப் பக்கத்தில், மரியாதையாக.

"சார், கடைசியா அமுக்கினீங்களே, அப்ப நான் சவுண்டே குடுக்கலை. கை மட்டும்தான் அசைச்சேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. இந்த அறையில் திரும்பிக்கொள்ளக்கூட இடமில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார், சொன்னால் அவளுக்குக் கேட்குமா கேட்காதா என்று தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டார். அவள் கோபப்படவில்லை. "நிறைய பேர் இப்படிப் பண்ணுவாங்க சார். பரீட்சை மாதிரி நினைச்சுக்கறாங்க. நான் பின்பக்கமா திரும்பிக்கறேன், மறுபடி முதல்ல இருந்து பார்ப்போமா?" என்றாள். தலையாட்டினார். அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அந்தக் கேள்வி வந்து நின்றது, கேட்காத சத்தத்துக்கு அமுக்கினாயே, அது எப்போது தொடங்கியது. இன்றைக்கா? பட்டு மாதிரி வருது பாருங்க என்று சொன்னது அமுக்கியது இல்லையா. போன தீபாவளிக்கு அந்தப் பேராசிரியரிடம், வயலின் வில்லு நரம்புல உரசற சத்தம்கூடக் கேக்குது பாருங்க சார் என்றோமே, அது கேட்டதா, கேட்கும் என்று தெரிந்ததால் சொன்னதா. பாட்டு மனப்பாடம், எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதும் மனப்பாடம். எந்த நாளில் காது நின்று, வாய் மட்டும் தனியாக ஓட ஆரம்பித்தது? அப்படி ஒரு நாள் இருந்திருக்க வேண்டுமே. அன்றைக்கும் சாப்பிட்டிருப்போம், ஸ்கூட்டரில் வந்திருப்போம், ஒன்றும் தெரிந்திருக்காது. கரண்ட் போனால் தெரிகிறது. காது போனால் ஏன் தெரியவில்லை. பூம். அமுக்கினார். விசில். அமுக்கினார். அதற்கும் மேலே. காத்திருந்தார். ஒன்றுமில்லை. அமுக்கவில்லை. கட்டைவிரல் துடிக்கிறது, அமுக்கு அமுக்கு என்கிறது, பிடித்து வைத்துக்கொண்டார். இன்னும் ஒன்றுமில்லை. இல்லை, இருக்கிறது. சன்னமாக, இடைவிடாமல், மேலே எங்கேயோ ஒரு சீறல். ஸ்ஸ்ஸ் என்று. இதற்கு அமுக்கலாமா? ஆனால் இது விட்டுவிட்டு வரவில்லையே, நிற்காமல் வருகிறதே. இயந்திரத்தில் கோளாறு இருக்கும், ஹிஸ். ஆம்ப்ளிஃபையர் சரியில்லை என்றால் இப்படித்தான் சீறும், இந்தச் சத்தத்தை அவர் நன்றாக அறிவார், எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவார். கையைத் தூக்கினார். "மிஷின்ல ஹிஸ் வருதும்மா" என்றார். நஸ்ரின் திரும்பிப் பார்த்து ஏதோ ஒரு ஸ்விட்சைத் தட்டினாள். "இப்ப என் மைக்கைத் தவிர எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன் சார். இப்ப?" இப்போதும் வந்தது. "ஹெட்ஃபோனைக் கழட்டிப் பாருங்க." கழற்றினார். இப்போதும் வந்தது. எதிரொலி செத்த அறையில், எந்த இயந்திரமும் ஓடாத இடத்தில், ஸ்ஸ்ஸ் என்று, நிதானமாக, அவருக்காகவே காத்திருந்தது போல.

அப்போது அவருக்கு அந்த ஆம்ப்ளிஃபையர் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெட்டி பிரித்த அன்றே, இதில் சீறல் இருக்கிறது என்று சொல்லி கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினார். அவர்கள் பார்த்துவிட்டு 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். குற்றம் கண்டுபிடிக்கப்படவில்லை. மறுபடி அனுப்பினார். மறுபடி அதே சீட்டு. பாலுசாமியிடம், "அந்தப் பசங்களுக்குக் காதே இல்லீங்க" என்று சொன்னார். பாலுசாமி நம்பினார். ஜோதி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அந்த ஆம்ப்ளிஃபையரை மூலையில் போட்டுத் துணி போர்த்தினார். அடுத்து வந்ததிலும் சீறல். அதற்கடுத்ததிலும். இப்போதெல்லாம் எல்லாக் கம்பெனியும் தரத்தைக் குறைத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கருவியின் அடிமட்ட இரைச்சலுக்கு இங்கிலீஷில் நாய்ஸ் ஃப்ளோர் என்பார்கள், சத்தத்தின் தரை. அதன்மேல்தான் இசை நிற்க வேண்டும். தரை உயர உயர மெல்லிய சத்தமெல்லாம் மூழ்கிப்போகும். தரை என் மண்டைக்குள்ளே உயர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கடைக்கடையாக வீடுவீடாகப் போய் மற்றவர்களுடைய தரையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, மூச்சுத்தான் வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்கிறதா. இருந்தது. இருந்தும் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தது வார்த்தை டெஸ்ட் சார். நான் ஒரு வார்த்தை சொல்வேன், நீங்க திருப்பிச் சொல்லணும். தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?"

தமிழ் என்று சொல்ல நாக்கு எழுந்தது. தமிழில் தப்பித்துவிடலாம், அது அவருக்கு உடனே தெரிந்தது, தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாதா. மரம், பல்லி, அண்ணன், வண்டி. எல்லாம் நடுச்சுருதியில் தாராளமாக நிற்கிற எழுத்துக்கள், பாதி கேட்டாலே மீதியைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கிலீஷ்தான் காற்றால் ஆன பாஷை. ஸ், ஷ், ஃப், த் என்று பல்லிடுக்கில் காற்றை விட்டே பாதி அர்த்தத்தை அனுப்பிவிடுவான். அந்தக் காற்றெல்லாம் மேல்சுருதி, ட்வீட்டருக்குப் போகிற சரக்கு. அதனால்தானா கடையில் இந்தச் சாப்ட்வேர்க்காரர்கள் பேசும்போது இரண்டு வருஷமாக வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்? அவர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டோமே. தமிழ் என்று சொல். மானமாக வெளியே போ. ஆனால் போய்? "இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றார். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. நஸ்ரின் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டாள். முதல் வார்த்தை வந்தது. "ஏ" என்றார். அது எழுத்தா வார்த்தையா? அடுத்தது. "ஈ." அடுத்தது. "ஐ." "பேட்டா, பேக்கா... பேக்." "ஈ." மறுபடி ஈயா? ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொல்ல மாட்டாளே. அவள் ஃபேஸ் என்றிருப்பாள், தீஃப் என்றிருப்பாள், ஃபைவ், சீஸ் என்று என்னென்னவோ சொல்லியிருப்பாள், இவருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் நடுவில் இருந்த உயிரெழுத்து மட்டும், தோலை உரித்த பழம் மாதிரி. குறில் நெடில் படிக்கிற குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டு ஏ, ஈ, ஐ என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருஷம் சோறு போட்ட அந்தச் சொல், கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிற ஹை-ஃபை, அதை அவள் இப்போது சொன்னால் எப்படிக் கேட்கும். ஐ ஐ. அவ்வளவுதான் மிஞ்சும். அடிபட்டவன் கத்துகிற மாதிரி, ஐ, ஐ. ஃபிடிலிட்டி என்றால் விசுவாசம் என்று அகராதியில் பார்த்திருக்கிறார், மூலத்துக்கு விசுவாசமாக ஒலிப்பது. கடைசி வார்த்தை வந்தது. அது சுத்தமாகக் காற்று, ஒன்றுமே இல்லை, அட்டைக்குப் பின்னால் அவள் தாடை அசைந்ததை மட்டும் பார்த்தார். யூகிக்கலாம். ஷிப் என்று சொல்லலாம், சிக்ஸ் என்று சொல்லலாம், பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். "கேக்கலைம்மா" என்றார். பயம் போகவில்லை. பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

நஸ்ரின் அவரை வெளியே உட்காரவைத்து, ஒரு தாளில் மலைச்சரிவு மாதிரி இறங்குகிற கோட்டைக் காட்டினாள். இங்கே வரைக்கும் நல்லா இருக்கு சார், இங்க இருந்து இறங்குது, இதை ஸ்லோப்பிங் லாஸ் என்போம். லாஸ். கடையில் லாஸ் என்றால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். "இது திரும்ப வருமாம்மா?" "போனது வராது சார். இருக்கறதை வச்சு நல்லா சமாளிக்கலாம், காதுல மிஷின் வச்சா பேச்சு தெளிவாக் கேக்கும். அந்த இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். எவ்வளவு நாளா இப்படி?" அவர் யோசித்தார். துணி போர்த்திய அந்த ஆம்ப்ளிஃபையரைத்தான் யோசித்தார். "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். மிஷின் பற்றிப் பேச டாக்டர் கூப்பிடுவார், கூடத்தில் இருங்கள் என்றாள். கூடத்தில் மின்விசிறி சுற்றியது, டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள், குழந்தை ஒன்று அழுதது, அது கேட்டது. செண்பகவல்லி ஓரத்து நாற்காலியில் இருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், என்ன என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரப்போகும்போது செல்போன் அதிர்ந்தது. பாலுசாமி. எடுக்காமல் விட்டுவிடலாம். ஜலதோஷம் என்று சொல்லிவிடலாம், அந்தச் சொல் நாக்கின் நுனியிலேயே தயாராக இருந்தது. எடுத்தார். "ஏனுங்க ஜோதி, பாத்தீங்களா? என்னன்னு சொன்னாங்க?" "மேல்சுருதி கேக்கறதில்லீங்க" என்றார். அந்த வாக்கியத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லை. "ரெண்டு வருஷமாக் கேக்கலீங்க. அந்த ஆம்ப்ளிஃபையர்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க, என் காதுதான். நான் சொன்னதை நம்பி நீங்க அதை மூலையில போட்டுட்டீங்க." அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பேசுகிறாரா, நமக்குத்தான் கேட்கவில்லையா என்று போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சரிங்க" என்று வந்தது பாலுசாமியின் குரல். "டெமோ ரூமை இனிமே என் தங்கச்சி பொண்ணு பாத்துக்கட்டும். நீங்க கடைக்கு வாங்க. வீட்டுல போய் உக்காந்துக்காதீங்க. உங்களுக்கு என்ன வேலைன்னு அப்புறம் பாத்துக்கலாம்." வைத்துவிட்டார். தப்பித்தோமா, கீழே இறக்கப்பட்டோமா, இரண்டும்தானா. சோபாவுக்குப் பின்னால் நிற்கிற அந்த இடம் போய்விட்டது. அது மட்டும் நிச்சயம்.

திரும்பியபோது செண்பகவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அவர் எதிர்பார்த்த முகமாக இல்லை. பரிதாபம் இல்லை. வழக்கு நடக்கிற இடத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தாள்.

"ரெண்டு வருஷமாவா கேக்கலை?" என்றாள்.

"ஆமா."

"அப்ப போன ஆவணியில நான் கேட்டது?"

"என்ன கேட்டே?"

அவள் கைக்குட்டையை விரித்தாள், மடித்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அப்பா கோவில்பட்டியில தனியாக் கெடக்காரு, இங்க கூட்டிட்டு வந்து வச்சுக்கிடலாமான்னு கேட்டேன். நான் அடுப்படியில நின்னேன், நீங்க பேப்பர் பாத்துட்டு இருந்தீங்க. ம்னீங்க. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. மறுநாளும் கேட்டேன். அதுக்கும் ம். பிடிக்காத பேச்சுக்கு இப்படித்தான் பதில் சொல்லுதாரு போலன்னு நினைச்சு விட்டுட்டேன். தை மாசம் பால்காரர் வந்து கதவைத் தட்டிப் பாத்து..." நிறுத்தினாள். மாமனார் செத்த செய்தி வந்த காலை இவருக்கு ஞாபகம் இருந்தது, அவள் அழுகை ஞாபகம் இருந்தது, அந்த அழுகையில் இவரைப் பார்க்காமலே அழுததும் ஞாபகம் இருந்தது. ஆனால் ஆவணி மாசம்? அடுப்படி, கரண்டி, எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம், பேப்பர். எங்கே அந்தக் கேள்வி. தலைக்குள் இருக்கிற நாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார், எல்லா நாளிலும் அந்தச் சீறல்தான் இருந்தது, அதற்கு மேலே தன்னுடைய ம் மட்டும் தெளிவாக, தாராளமாக, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. வாங்கிக்கொள்ளாத சரக்குக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். செண்பகத்துக்கும் பொத்தானைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தோம்.

"இத்தனை நாளும் கேட்டுட்டுத்தான் சும்மா இருந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அதைவிட மோசமாக ஏதோ ஒரு ஆறுதல் இருந்தது, அந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை. பிறகு அவர் பயந்துகொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்தாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கூட்டிட்டு வந்துரலாம்னு சொல்லியிருப்பேன். அந்த வாக்கியம் தயாராக இருந்தது, பட்டு மாதிரி, சலங்கை மணி தனித்தனியாக ஒலிக்கிற மாதிரி. அதைச் சொன்னால் அவள் நம்புவாள். நம்பத் தயாராக, வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இரண்டு அறை வீடு, மாமனாரின் ராத்திரி இருமல், அந்த ஆளோடு ஒரு நாளும் ஒத்துப்போகாத தன் முன்கோபம், எல்லாம் வந்து அந்த வாக்கியத்தின் குறுக்கே நின்றன. பரஞ்சோதி நிஜமாகவே தனக்குள் கேட்டுப்பார்த்தார். பதில் வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை.

"தெரியலை, செண்பகம்" என்றார்.

அவள் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தலையை ஆட்டினாள், சரி என்றா, அப்படித்தானா என்றா, அவரால் சொல்ல முடியவில்லை. கூடத்தில் எதுவும் மாறவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தலைக்குள் சீறல் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி அவர் முழங்கையைத் தொட்டாள்.

"உங்க பேரைக் கூப்பிடுறாங்க" என்றாள். "மூணு தடவை கூப்பிட்டாச்சு. எந்திரிங்க, நானும் வாரேன்."